அல்பாக்காவுக்கு அர்த்தம் தேடி மேட்டுப்பாளையம் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில் பயணங்கள்தான் எழுதியிருக்கிறேன். இதுவும் கோயிலில் தொடங்கிக் கோயிலில் முடிந்த பயணம்தான். நடுவில் ஒரு ஜவுளிக்கடை, ஒரு தையல்கடை, ஒரு கன்னியாஸ்திரீ மடம் வருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். போனது இந்தத் தை மாதம், ஒரு திங்கட்கிழமை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கோவை, அங்கிருந்து மேட்டுப்பாளையம், திரும்ப வீடு. ஒரே நாளில் முடித்தேன். அந்த வழியில் போகிறவர்களுக்கு நேரமும் கட்டணமும் உதவும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

போன காரணம் ஒரு வார்த்தை. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் மகள் சுதா. அவள் கணவர் பிரகாஷ் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறார். போன வருடம் அவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பினார்கள். மலைமேல் சுரங்கம், சுரங்கத்துக்குள் தண்ணீர், தண்ணீரை இறைக்க நம்ம ஊர் பம்பு. போன மூன்றாம் நாளே உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். செய்தி வந்தபோது சுதா எங்கள் குலதெய்வமான செல்லாண்டியம்மனை வேண்டிக்கொண்டாள். கட்டிக்கொடுத்த பெண் என்றாலும் அந்த நேரத்தில் பிறந்த வீட்டு அம்மன்தான் அவள் வாயில் வந்திருக்கிறது. "அவரு எந்திரிச்சு நடந்து வந்தா, அந்த ஊரு போர்வையே உனக்குச் சாத்தறேன் ஆத்தா" என்பது வேண்டுதல்.

எழுந்தார், நடந்தார், மீதி வேலையை அடிவாரத்து ஆபீசிலேயே முடித்துவிட்டு வந்தார். வரும்போது அங்கே சந்தையில் ஒரு போர்வை வாங்கி வந்தார். சாம்பல் நிறம், சாயம் போடாதது, கையில் எடுத்தால் கனமே தெரியாது. விற்ற அம்மாள் அதைத் தடவிக் காட்டி "அல்பாக்கா" என்று மட்டும் சொன்னாளாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி ரங்கசாமி தன் எருதுக்கு வேப்பமரத்தடியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் காலை வைக்கப் போன அந்தச் சாம்பல் நிற எருதை "செவலை, தள்ளு தள்ளு" என்று கொம்பைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் பூசாரி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கொடுத்தவர் பேர், பொருளின் பேர், அது எதிலிருந்து வந்தது, இந்த மூன்றையும் அம்மன் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சாத்துவார். பேர் சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது.

"இது என்னதுங்க கண்ணு?" என்று பிரகாஷைக் கேட்டார்.

"அல்பாக்காங்க."

"அப்படீன்னா?"

"அங்க ஒரு மிருகமுங்க. ஆடு மாதிரி இருக்கும். கழுத்து மட்டும் ஒட்டகம் மாதிரி."

"ஆடா, ஒட்டகமா?"

"ரெண்டும் இல்லீங்க. நான் வண்டி ஜன்னல்ல இருந்து பாத்ததோட சரி. அப்புறம் ஆஸ்பத்திரிதான்."

நான் நடுவில் புகுந்தேன். சும்மா இருக்க வராது எனக்கு. "கம்பளின்னு சொல்லிப்போடுங்க, தீந்துது."

"கம்பளின்னா செம்மறி ரோமம் அம்மணி. இது ஆடே இல்லைன்னு மாப்பிள்ளை சொல்றாரு. போன வருசம் ஒருத்தரு சேலை கொண்டாந்தாங்க, பட்டுன்னாங்க, நானும் பட்டுன்னு வாயை விட்டுப்போட்டேன். ஒரு தண்ணி நனைச்சதும் நைலான் பல்லைக் காட்டுச்சு. அதுக்குப் பரிகாரமா மூணு நாளு ஒருவேளைச் சோத்தோட கெடந்தேனுங்க. எனக்கே அர்த்தம் தெரியாத பேரை இன்னொருக்கா ஆத்தா முன்னாடி எடுக்க மாட்டேன்."

சுதா போனை எடுத்துத் தட்டினாள். அது ஒரு மிருகம் என்றது, வக்கீல் கோட்டுத் துணி என்றது, கரண்டி செய்கிற வெள்ளை உலோகம் என்றும் சொன்னது. பூசாரி எட்டிப் பார்த்தார்.

"அதுக்கே மூணு சொல்லுது பாருங்க. அங்க இருந்து பொழங்குனவிங்க ஒருத்தரு சொல்லட்டும். பேருக்கு என்ன அர்த்தம், கொன்னு எடுத்ததா, கத்தரிச்சு எடுத்ததா? தெரிஞ்சுக்கிட்டு வாங்க. செவ்வாக்கெழமை சாத்திப்போடறேன்."

சாத்துவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். பிரகாஷ் வியாழக்கிழமை மறுபடியும் பெருவுக்கு விமானம் ஏறுகிறார், இந்த முறை எட்டு மாதம், அதே மலைமேல். அதனால் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் சுதா உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

"நேந்துகிட்டத முடிக்காம அவரை அந்த மலைக்கு அனுப்ப மாட்டேனுங்க அத்தை. வேலை போனாப் போகட்டும்."

"அவ சொல்றது சுலபமுங்க. நான் போகலீன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு ரெடியா நிக்கறான்" என்றார் பிரகாஷ். அவருக்கு விசா வேலை, அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. ஊர் சுற்றுகிறவள் நான்தான். போர்வையை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கள் காலை 6.10க்கு எங்கள் ஊர் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உடுமலைக்கு ஒன்பது கிலோமீட்டர், 6.35க்குப் போய்விட்டது. 6.50க்குக் கோவை பஸ் கிடைத்தது, டிக்கெட் 55 ரூபாய். பொள்ளாச்சி வழியாக ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வலப்பக்கம் உட்காராதீர்கள், முகத்துக்கு நேரே வெயில். பொள்ளாச்சியில் பத்து நிமிடம் நின்றது, ஒரு காபி, 15 ரூபாய். உடுமலையிலிருந்து வருகிற பஸ் காந்திபுரம் போகாது, உக்கடத்தோடு சரி. அது தெரியாமல் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கண்டக்டரிடம் சண்டை போடுகிறார்கள். அன்றும் ஒருவர் போட்டார். 8.50க்கு உக்கடம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம், 9.25.

ஜவுளிக்கடை திறக்க 9.45 ஆனது. மூன்று மாடிக் கடை. துணியைப் பற்றித் துணிக்கடையில் கேட்பதுதானே முறை என்று நினைத்துப் போனேன்.

"அல்பாக்கா பத்தித் தெரியுமா அம்மணி?" என்று முதல் மாடியில் நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"அது எந்தக் கம்பெனிங்கம்மா? எங்ககிட்ட ஸ்டாக் இல்லீங்களே."

போர்வையைப் பிரித்துக் காட்டினேன். நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் காஷ்மீர் என்றார், ஒருவர் முயல் என்றார், ஒருவர் நூலைப் பிடுங்கி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம் என்றார். "அம்மனுக்குச் சாத்தறதுங்க, கைய எடுங்க" என்று சுருட்டிக்கொண்டேன். கடைசியில் கல்லாவில் இருந்த பெரியவர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் வக்கீல்களுக்குக் கோட்டு தைக்கிற கரீம் பாய் இருக்கிறார், அந்தப் பேரை அவர் கடையில் கேட்டிருக்கிறேன் என்றார். முக்கால் மணி நேரம் அவர்கள் கடையை அடைத்துக்கொண்டு நின்ற வெட்கத்தில் ஒரு ரவிக்கைத் துணி வாங்கினேன், 85 ரூபாய்.

கோர்ட்டுக்கு டவுன் பஸ், இருபது நிமிடம். கரீம் பாய் கடை இரண்டு தையல் மெஷினும் ஒரு ஆளும் நிற்கிற அளவு. சுவர் முழுக்கக் கறுப்புக் கோட்டுகள் தொங்கின. எழுபது வயதிருக்கும். வார்த்தையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அல்பாக்காவா? எங்க வாப்பா காலத்துல வக்கீல் கோட்டுன்னா அதுதாம்மா. கறுப்பா, பளபளன்னு இருக்கும். நான் மெஷின்ல உக்காரும்போது பேரு மட்டும்தான் மிச்சம். உள்ள பருத்தி, அது இதுன்னு கலந்துட்டாங்க. ஆனா பேரை விடலை."

"பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"அர்த்தம் கேட்டு யாரும்மா கோட்டு தைக்க வர்றாங்க? கேஸ் ஜெயிக்குமான்னு கேப்பாங்க."

சிரித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போர்வையை ஒரு முனையில் மட்டும் தொட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். "இதுதான் நிசம் போல. நாங்க தைச்சதெல்லாம் இதோட பேரைத்தான்" என்றார். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு மடத்துக்கு அங்கி தைத்துக் கொடுப்பதாகவும், அங்கே ஒரு சிஸ்டர் அந்தத் தேசத்துப் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்றும் சொன்னார். அளவெடுக்கப் போனபோது அந்த அம்மாள் மேட்டுப்பாளையம் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்ததால் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அவரே போன் போட்டுக் கேட்டார். இரண்டு மணிக்கு வரச்சொன்னார்கள்.

கன்னியாஸ்திரீ மடம் என்றதும் எனக்கு ஒரு நிமிடம் தயக்கம் வந்தது உண்மை. நம்ம அம்மனுக்கு உண்டான விஷயத்தை அங்கே போய்க் கேட்பதா என்று. கோர்ட் வாசல் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அவரே அனுப்புவதாக வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான், பத்து நிமிடம். மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸை விட ரயில் மேல். 11.50 வண்டி, டிக்கெட் 10 ரூபாய், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கூட்டம் இல்லை. காரமடையில் ஒரு குடும்பம் மொட்டை போடப் பிள்ளையோடு இறங்கியது. மேட்டுப்பாளையத்தில் ஸ்டேஷனுக்கு வெளியே சாப்பாடு 90 ரூபாய், ரசம் நன்றாக இருந்தது, பொரியல் ஆறிப்போயிருந்தது.

சிறுமுகை ரோட்டில் நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"நூத்தியிருவது ஆகுங்க."

"நாலு கிலோமீட்டருக்கா?"

"மெயின் ரோட்டுக்கு நாலுங்க. பாக்குத் தோப்புக்குள்ள ரோடே இல்லீங்கம்மணி, குழிதான் இருக்குது. ஒவ்வொண்ணா எறங்கி ஏறோணும்."

நூறுக்கு ஒத்துக்கொண்டார். குழி விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான், அதனால் இறங்கும்போது இருபதைச் சேர்த்தே கொடுத்தேன்.

சிஸ்டர் ஜெயராணிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பாய் சொன்னதுபோலவே ஸ்வெட்டர் போட்டிருந்தார். நான் வெள்ளைக்காரிபோல ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார், அசல் நம்ம ஊர்ப் பேச்சு. எனக்கு வழக்கம்போல வாய் நிற்கவில்லை.

"சிஸ்டருக்கு எந்த ஊருங்க? யாரு ஊடுங்க?"

"அன்னூர்ப் பக்கமுங்க. யாரு ஊடுன்னு கேட்டா என்ன சொல்றது, எங்கப்பன் பண்ணையத்துல மாடு மேச்சவருங்க. ஊடுன்னு ஒண்ணு இல்ல, தோட்டத்துல ஓலைச் சாளைதான்."

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். நம்ம பக்கம் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அது, வாயில் தானாக வந்துவிடுகிறது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் டீ கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். பிறகு நேர்த்திக்கடனிலிருந்து நைலான் சேலை வரை எல்லாவற்றையும் சொல்லிப் போர்வையை மேசைமேல் பிரித்தேன்.

அவர் உடனே கையை நீட்டவில்லை. "சாமிக்குப் போறதுங்களே. நான் தொடலாமுங்களா?" என்று கேட்டார்.

"நெய்தவிங்க தொடாமயா நெய்தாங்க? தொடுங்க."

இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து மெதுவாகத் தடவினார். பதினேழு வருடம் பொலிவியா நாட்டில், பெருவை ஒட்டிய மலையில் ஒரு பெரிய ஏரிக்கரைக் கிராமத்தில் மருந்தகம் நடத்தினாராம். நர்ஸ் படித்தவர். கிளம்பி வரும்போது தன் போர்வையைப் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் போர்த்திவிட்டு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு தொட்டது இன்றைக்குத்தான் என்றார்.

"மொதல்ல உங்க பூசாரி கேட்டதுக்குச் சொல்றேன். கொல்றதில்லீங்க. வருசம் ஒருக்கா, மழை புடிக்கறதுக்கு முன்னாடி கத்தரிப்பாங்க. கறியும் திம்பாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரோமத்துக்காகக் கொல்றதில்ல. ஒட்டகத்துக்குச் சொந்தம், ஆனா திமில் கெடையாது, நம்மூட்டுக் கன்னுக்குட்டி ஒசரம்கூட வராதுங்க. காதுல கலர் நூல் கட்டி விடுவாங்க, நாம மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல கட்டற மாதிரி."

"பேருங்க?"

"அல்பாக்கான்னு நாம சொல்றது ஸ்பானிஷ்காரங்க வாயில இருந்து வந்தது. அவிங்க நாடு புடிக்க வந்தப்ப மலைச் சனங்ககிட்ட எடுத்துகிட்டாங்க. அந்தச் சனங்க பேசறது ஐமாரா. 'அல்பக்கா'ன்னு கடைசி எழுத்தைத் தொண்டைக்குள்ள இருந்து எடுப்பாங்க, எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு அது வர்றதுக்கு. பக்கத்துப் பாசை கெச்சுவா. அதுல முன்னால 'அல்' இல்லாம கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சொல்லு இருக்குது, மஞ்சளும் செகப்பும் கலந்த ஒரு நெறத்துக்கு. அதுல இருந்துதான் இந்தப் பேரு வந்திருக்கோணும்னு அங்க படிச்சவிங்க சொல்லுவாங்க."

"முன்னால இருக்கற அந்த 'அல்'?"

"அரபிக்காரங்க பழக்கத்துல ஸ்பானிஷ்ல நெறையச் சொல்லு 'அல்'லுன்னுதான் ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்துல இதுவும் அப்படி ஆயிருக்கலாம்னு ஒரு பேச்சு. ஐமாராக்காரங்களே அப்படித்தான சொல்றாங்கன்னு இன்னொரு பேச்சு. உறுதியா யாருக்குங்க தெரியும்?" டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "நெறத்தை வெச்சுப் பேரு, அதுதான் விசயம். எங்கப்பன் பட்டியில நூறு மாட்டையும் அப்படித்தான் கூப்பிடுவாரு. காரி, மயிலை, செவலைன்னு. நம்ம சொல்லுல சொல்லோணும்னா செவலை."

பூசாரிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எழுந்து கும்பிடப் போனேன். அப்போதுதான் அவரும் நானும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்தோம். மாடு வைத்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: காரி என்றால் கறுப்பு, மயிலை என்றால் சாம்பல் வெள்ளை, செவலை என்றால் செம்பழுப்பு. மேசைமேல் கிடந்தது சாம்பல் நிறம்.

"இது மயிலையில்லீங்க?" என்றார் சிஸ்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க பூசாரி என்ன சொல்றாரோ" என்றார்.

மடத்துக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். 2.50க்கு அங்கிருந்து நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தேன், இரண்டு கிலோமீட்டர், பாக்குத் தோப்பு நிழல்தான். அங்கே டவுன் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் வந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு 3.50 பஸ், 35 கிலோமீட்டர், 25 ரூபாய். துடியலூரில் வண்டி நகரவே இல்லை.

அந்த நெரிசலில் நிற்கும்போது சுதா போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அத்தை, செவலைங்கற பேச்சை எடுக்காதீங்க. கத்தரிச்சதுன்னு தெரிஞ்சாச்சுங்கல்ல? பேருக்கு அர்த்தம் ரோமம்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"அவருக்கு வியாழக்கெழமை பிளைட்டுங்க அத்தை."

பட்டு என்று சொல்லி மூன்று நாள் ஒருவேளைச் சோற்றோடு கிடந்த மனிதர், செவலை என்று பேர் இருக்கிற மயிலையை எப்படிக் கையில் வாங்குவார் என்று எனக்கும் தெரியவில்லை. ரோமம் என்று சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். காந்திபுரம் வரை அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உக்கடத்தில் 5.45 பஸ், வீட்டுக்கு வர 8.20.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கோயிலில் இருந்தோம். சுதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரி, "என்னங்கம்மணி, தெரிஞ்சுதுங்களா?" என்றார்.

கர்ப்பக்கிரகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரீம் பாயிலிருந்து செவலை வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சுதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சொன்னது யாருங்க?"

"கன்னியாஸ்திரீ ஒருத்தருங்க. பதினேழு வருசம் அங்க இருந்து அந்தச் சனங்களுக்கு வைத்தியம் பாத்தவிங்க. அவிங்க அப்பன் மாடு மேச்சவரு."

"அப்ப சரி. மாடு மேச்சவரு ஊட்டுப் புள்ள நெறத்தைத் தப்பாச் சொல்லாது." போர்வையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "பேரு செவலை. ஆனா இது மயிலை."

"அதுதானுங்க எனக்கும்…" என்று இழுத்தேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பி, "டேய் செவலை!" என்று ஒரு சத்தம் போட்டார். வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த எருது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வாலிலிருந்து கொம்பு வரை சாம்பல்.

"இவன் என்ன நெறமுங்க?"

"மயிலை" என்றேன்.

"பேரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காங்கேயம் மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாகத்தான் பிறக்கும், ஆறேழு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். பிறந்த அன்றைக்குச் செவலை என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அது எந்த நிறத்துக்குப் போனாலும் பேர் அதுதான். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு செவலை இருந்தது. மாட்டை விற்று வருடங்கள் ஆகிவிட்டதால், பஸ்ஸில் மூன்று மணி நேரம் யோசித்தும் எனக்கு அது தோன்றவில்லை. சிஸ்டருக்கும் தோன்றவில்லை.

"அந்த ஊருக்காரன் மொதல்ல பாத்த நாள்ல அது செவலையா இருந்திருக்கும். கூப்பிட்டுப்போட்டான். அப்புறம் மாத்துவானா?" என்றார் பூசாரி. பிரகாஷுக்கு மட்டும் புரியவில்லை, கோவை நகரத்துக்குள் பீளமேட்டில் பிறந்து வளர்ந்தவர். சுதா அழுதுகொண்டே அவருக்கு விளக்கினாள்.

பூசாரி அந்த வார்த்தையை இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகிக்கொண்டார். பிறகு போர்வையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய், வெளியே ரோடு வரை கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஆத்தா, உன்ற ஊட்டுப் பொண்ணு சுதா, அவ புருசன் பிரகாசு. கடலுக்கு அக்கட்ட, மலை நாட்டுல மூச்சு முட்டிக் கெடந்து, உன்ற பேரு சொன்னதால எந்திரிச்சு வந்தவன். அந்த நாட்டு அல்பாக்கா ரோமப் போர்வை கொண்டாந்திருக்கான். பேரு செவலை, நெறம் மயிலை. கத்தரிச்சது, கொன்னதில்ல. ஏத்துக்க ஆத்தா."

சாத்தினார். வியாழக்கிழமை பிரகாஷ் விமானம் ஏறினார்.

யோசித்துப் பார்த்தால், மலையில் மாடு மேய்ப்பதுபோல மேய்த்துக்கொண்டிருந்தவர் யாரோ நிறத்தைப் பார்த்துக் கூப்பிட்ட பேர் அது. ஸ்பானிஷ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனபோது நிறம் விடுபட்டுவிட்டது. சீமை மில்லுக்குப் போய்த் துணியானபோது மிருகம் விடுபட்டது. கோவை கோர்ட்டுக்கு வந்தபோது ரோமமும் விடுபட்டு வெறும் பேர் மட்டும் கறுப்புக் கோட்டாகத் தொங்கியது. எங்கள் பூசாரி கேட்டிருக்காவிட்டால் எனக்கு இதெல்லாம் தேவையே இருந்திருக்காது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெளியூர்த் துணி எதையாவது உங்கள் சாமிக்குச் சாத்துவதாக இருந்தால், அது என்ன நூல், எந்த உயிரிலிருந்து எடுத்தது என்று வாங்குகிற இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆன அலைச்சல் மிச்சமாகும். இந்த ரோமத்தை வெந்நீரில் நனைக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர்தான், பிழியவும் கூடாது என்று சிஸ்டர் சொன்னார். மேட்டுப்பாளையம் ரயில் நேரம் அவ்வப்போது மாறுகிறது, ஸ்டேஷனில் கேட்டுவிட்டு ஏறுங்கள். கரீம் பாய் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். எனக்கு மொத்தம் ஆன செலவு, ரவிக்கைத் துணியும் சேர்த்து, 500 ரூபாய்க்குள். துடியலூரைத் தவிர வேறு எங்கும் சிரமம் இல்லை.

போன வாரம் பிரகாஷ் வீடியோவில் கூப்பிட்டார். மலைமேல்தான் இருக்கிறார். மூச்சு எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். சுரங்கத்துக்குப் போகிற வழியில் பத்திருபது அல்பாக்கா மேய்ந்துகொண்டிருந்தனவாம், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார்.

"சுத்த வெள்ளையா ஒண்ணு நின்னுச்சுங்க அத்தை. செவலைன்னு ஒரு சத்தம் போட்டேன். திரும்பிப் பாத்துதுங்க!"

அந்த உயரத்தில் யார் கத்தினாலும் அது திரும்பிப் பார்க்கும் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குக் கத்த மூச்சு இருந்ததே என்று சுதாவைப் பார்த்தேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.